தலைவரின் தண்ணீர்ப் புட்டி

முடிதிருத்தும் கடைகளில் தலையில் நீர் பீச்சுவார்களே, அத்தகைய நீலநிறப் பிளாஸ்டிக் புட்டி அது. கேமரா என்ற சொல்லைக் கேட்டதும் பிறருக்கு எது நினைவில் எழுமோ அறியேன். எனக்கு எழுவது அந்தப் புட்டி. தேனியில் நான் சேர்ந்திருந்த ஒளிப்படக் குழுவின் தலைவர், விலையுயர்ந்த லென்ஸ்களுக்கு நடுவே அதற்கும் ஓர் உறை ஒதுக்கியிருந்தார். பனித்துளிக்காக விடியலில் காத்திருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. வெயில் ஏறியபின் வந்து, பூவோ இலையோ கண்ணில் பட்டதன்மேல் நீரைப் பீச்சி, தாமே உண்டாக்கிய பனித்துளியைத் தாமே வியந்து படமெடுப்பார்.

கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் முதன்முதலாக ஒரு நல்ல கேமராவை வாங்கினேன். கைப்பேசியில் தட்டி எடுப்பதை நான் படமெடுப்பதாகக் கருதியதில்லை. ஒன்றைக் கற்பதென்றால் முறையாகக் கற்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே குழுவில் சேர்ந்தேன். கருவி எளிதில் வசப்படவில்லை. அபர்ச்சர் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும் என்ற தலைகீழ்க் கணக்கு பிடிபடவே பல வாரங்கள் ஆயின. கொக்கை எடுக்கப் போய் அதன் பின்னால் இருந்த வரப்பைத் தெளிவாக எடுத்து வந்திருக்கிறேன். அத்தகைய வேளைகளில் தலைவர் என் திரையை வாங்கிப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, “என்ன சார், வரப்பு ரொம்ப அழகா இருக்கே. பட்டா யாரு பேர்ல?” என்பார். என்னைவிட வயதில் இளையவர்களும் என்னைவிடக் குறைவாகப் படித்தவர்களும் அதற்குச் சிரிப்பார்கள்.

தொழிலால் அவர் பல் மருத்துவர். காலையெல்லாம் பிறர் வாயைத் திறக்கச் செய்தவர், மாலையில் தம் வாயை மூடியதே இல்லை. லென்ஸின் விலையைச் சொல்லாமல் அவர் ஒரு படத்தைக் காட்டி நான் கண்டதில்லை. அவர் எனக்குக் கற்றுத்தந்தவற்றில் உருப்படியானது ஒன்றே ஒன்று: “வேணுங்கிறதுல கண்ண வைங்க, அபர்ச்சரத் தெறந்து விடுங்க, வேண்டாதது பின்னாடி தானாக் கரைஞ்சிரும்.” அதை அவர் நன்றாகவே சொன்னார். அந்த நன்றி இன்றும் எனக்குண்டு.

திராட்சைத் தோட்டம் ஒன்று வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, காமயகவுண்டன்பட்டியில் உள்ள என் மதினியின் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். அண்ணன் மறைந்தபின் அந்தத் தோட்டத்தைத் தனியாளாக நடத்துகிறவர் அவர். கவாத்துக்கு ஆள் பிடிப்பதிலிருந்து வியாபாரியிடம் விலை பேசுவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. வெட்டுக்குத் தயாரான தோட்டத்துக்குள் அந்நியரை அவர் விடுவதில்லை. என் வார்த்தைக்காக விட்டார். தலைவர் பந்தலுக்குள் நுழைந்ததும் செய்த முதற்காரியம், தொங்கிய குலைகளின்மேல் புட்டியால் நீர் அடித்ததுதான். பழத்தின்மேல் படிந்திருக்கும் வெண்பொடியைப் பார்த்துத்தான் வியாபாரி விலை வைப்பான். நீர் பட்டால் அது கரைந்து பழம் கறை கட்டிவிடும், நின்றால் அழுகவும் செய்யும். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இதை அறியாமலிருக்கத் தனித்திறமை வேண்டும். மதினி கோபப்படவில்லை. “தண்ணி பட்டா பழம் நிக்காது தம்பி” என்று சொல்லி, குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் புட்டியை வாங்கி மோட்டார் அறையின் திண்டில் வைத்தார்.

அதன்பின் தலைவருக்கு மதினியையே எடுக்கத் தோன்றிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். செருப்பையும் கழற்றச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் சங்கிலியைக் கழற்றச் சொல்வதுபோல இதுவும் கருவிக்கு வேண்டிய ஒன்று போலும் என்று மதினி எண்ணினாராம். விருந்தாக வந்தவரிடம் ஏன் எதற்கு என்று கேட்கும் பழக்கமும் அவருக்கில்லை. மண்ணில் உட்கார்ந்து, தலைக்குமேல் தொங்கிய குலையை நோக்கிக் கையை உயர்த்தினார். அவருக்கு முன்னால், கூலிக்கு வந்தவர்கள் கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குவாளி ஒன்றைத் தலைவர் நிமிர்த்தி வைத்ததை, அப்பால் திராட்சைக் கொடியைப் படமெடுத்துக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை.

சில வாரங்களில் தேனியில் ஒரு மண்டபத்தில் குழுவின் கண்காட்சி திறந்தது. நுழைந்ததும் எதிரே, ஆள் உயரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் மதினி. கண்ணாடியில்லாத கண்கள் இடுங்கியிருந்தன, வெறுங்கால், ஏந்திய கை, காலி வாளி. கீழே ‘பசி’ என்று தலைப்பு. அருகில் பரிசுப் பட்டயம்.

அப்போது மதினியின் மகனுக்குச் சின்னமனூரில் பெண் பேசி முடியும் தறுவாயில் இருந்தது. பெண்ணின் தாய்மாமன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். தோட்டம் கடனில் மூழ்கிவிட்டதா, அதனால்தான் அந்த அம்மாள் இந்த நிலையில் இருக்கிறாரா என்று இடையில் நின்றவரிடம் விசாரித்தார். பேச்சு அப்படியே நின்றது. அழைத்துச் சென்றவன் நான். என் அண்ணன் வீட்டின் பெயர் சுவரில் பிச்சை கேட்டுக்கொண்டிருக்க, நான் ஊருக்குள் எந்த முகத்துடன் நடப்பது?

தலைவரிடம் சென்று, படத்தை இறக்கும்படி கண்ணியமான சொற்களில் கேட்டேன். அந்த அம்மாளின் தோட்டத்தில் அவரே பழம் தின்றதை நினைவூட்டினேன். அவர் என் தோளில் கைவைத்தார். என் தோளில் கைவைக்கும் உரிமையை நான் யாருக்கும் தந்ததில்லை. “சார், நீங்க உறவப் பாக்குறீங்க, நான் உணர்வப் பாக்குறேன். எகனாமிக்ஸ் வாத்தியாருக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும்” என்றார். ஒரு மனிதரின் முழு ஆழமும் சில சமயம் இரண்டே வாக்கியங்களில் தெரிந்துவிடுகிறது. அதுவும் கணுக்கால் அளவுதான்.

மண்டபத்தின் உரிமையாளர் என் பழைய மாணவர். அவரைக் கொண்டு இறக்கிவிடலாம் என்று மதினியிடம் சென்று சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “எறக்க வேணாம் கொழுந்தனாரே. எறக்குனா, உள்ளதுதான், அதான் மறைக்கிறாகன்னு பேசுவாக. அங்கனயே இருக்கட்டும். சின்னமனூர்க்காரகள மட்டும் கடைசி நாள் அங்கன வரச் சொல்லுங்க” என்றார்.

கடைசி நாள் மகன் ஓட்டிவந்த வேனில் மதினி வந்து இறங்கினார். அரக்குப் பட்டுச் சேலை, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம். பின்னால் பெட்டி பெட்டியாகப் பன்னீர்த் திராட்சை. நேரே சென்று அந்தப் படத்தின்கீழ் ஒரு மேசையைப் போடச் செய்து, வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குலையை வைத்தார். “சாப்பிடுங்க, சாப்பிடுங்க. பசிக்கிற வீட்டுப் பழம்.” வாங்கியவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் பெண்ணின் தாய்மாமன். “இம்புட்டுப் பசி எங்க வீட்டுக்கும் வரட்டும் மதினி” என்றார். முறை வைத்து அழைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு முடிந்தது என்றே பொருள்.

கூட்டத்தைக் கண்டு, தம் படத்துக்குத்தான் என்று எண்ணித் தலைவர் விரைந்து வந்தார். அவர் கையிலும் ஒரு குலை வைக்கப்பட்டது. “எடுத்துக்கோங்க டாக்டர் தம்பி. தண்ணி படாத பழம், இனிக்கும்.” மறுக்க வழியில்லாமல் மதினிக்குப் பின்னால் ஒதுங்கி அவர் வாயில் போட்டுக்கொண்ட அந்தக் கணத்தில் நான் கேமராவை உயர்த்தினேன். மதினியின் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். அபர்ச்சரை முழுதாகத் திறந்துவிட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

நான் எடுத்தவற்றில் சட்டமிடத் தகுந்தது அது ஒன்றே. இப்போது மதினி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மோட்டார் அறைத் திண்டில் தலைவர் மறந்துவிட்டுப் போன நீலப் புட்டியும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. சின்னமனூரிலிருந்து வந்த மருமகள் சட்டைகளைத் தேய்க்கும்போது அதனால் நீர் தெளிக்கிறாள். அதைக்கொண்டு யாரும் ஒழுங்கான வேலை செய்து நான் பார்த்தது அப்போதுதான். சென்ற வாரம் நான் அங்கே காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, அவள் தேய்ப்பதை நிறுத்திப் படத்தை அண்ணாந்து பார்த்து, “அத்தே, ஒங்களுக்குப் பின்னாடி கன்னம் உப்பிப்போயி மங்கலாத் தெரியிறது யாரு?” என்று கேட்டாள்.

மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“யாரோ. பழம் திங்க வந்தாக.”