லண்டனிலிருந்து இரண்டு நாள், வடக்குத் தெருவில் ஒரு பூட்டு

பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது இருமினேன். பஞ்சில் சிவப்பாகப் பட்டது. வெற்றிலை எச்சில் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சமாளித்தேன். நான் வெற்றிலை போடுவதே இல்லை.

மதுரை டாக்டர் எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் பார்க்கும் படம்) எடுத்துவிட்டு, க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் நோய்) என்றார். "ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி கிடைத்தால் பிழைப்பீர்கள். புதிய மருந்து, இங்கே கிடைக்காது. சீக்கிரம் வேண்டும்."

பம்பாயில் வேலையிலிருந்த அண்ணன், முதலாளி மூலம் லண்டனிலிருந்து வரவழைத்தான். "நாலாயிரத்து ஐந்நூறு மைலுக்குக் குறையாது. கெய்ரோவில் இறங்கி ஏறி, ஏரோப்ளேன் இரண்டே நாளில் வந்துவிட்டது. கப்பலானால் மூன்று வாரம்" என்று எழுதியிருந்தான். மூன்று வாரம் நான் தாங்கியிருக்க மாட்டேன். மருந்துப் பெட்டியை ரயிலில் மதுரைக்கு அனுப்பி, பெட்டியை எடுக்கத் தேவையான ரசீதைக் கடிதத்தில் வைத்திருந்தான்.

கடிதம் வந்தது திங்கட்கிழமை. எங்கள் ஊர் காரியாபட்டிக்குத் தெற்கே, மதுரை வடக்கே. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், புறப்படக் கூடாது. என் மாமியார் அதற்கும் வழி வைத்திருந்தார். அதுதான் பரஸ்தானம். போகிறவரின் துணியை முதல் நாளே நல்ல நேரத்தில் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாக ஆகிவிடும். என் கணவரின் வேட்டி சட்டையை மூட்டையாகக் கட்டி, வடக்குத் தெருவிலிருந்த தன் தங்கை வீட்டில் வைத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தச் சட்டைப் பையிலேயே ரசீதையும் போட்டிருந்தார் என் கணவர்.

செவ்வாய் காலை போனால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

"சின்னம்மா விடியவே வீரசோழனுக்குப் போயிட்டாகளாம். பொழுது சாஞ்சுதான் வருவாக" என்று திரும்பி வந்து நின்றார் என் கணவர். மதுரை பஸ் வரும் நேரம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அத்த, ஏரோப்ளேன் சூலம் பாத்தா வந்துச்சு?" என்றேன். அதற்குமேல் இருமல் விடவில்லை.

அத்தை மூலையிலிருந்த உலக்கையைத் தூக்கினார்.

"பூட்ட ஒடைக்கவா போறீக?"

"பூட்டு போனா வேற வாங்கிக்கலாம். நீ பேசாம படு தாயி."

இரண்டு அடி. பாயில் கிடந்த எனக்கும் கேட்டது. என் கணவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

மதுரையில் தங்கி மூன்று மாதம் ஊசி போட்டுக்கொண்டேன். காய்ச்சல் விட்டது. இரண்டாம் மாதத்தில் காதில் இரைச்சல் தொடங்கியது. மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து டாக்டரிடம் மறைத்தேன். அந்த ஊசி காதையும் நடையின் நிதானத்தையும் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

நுரையீரல் ஆறிவிட்டது. நடந்தால்தான் தள்ளாடுகிறது. ஏரோப்ளேனில் பறந்து வந்த மருந்தால் பிழைத்த உடம்பு, சுவரைப் பிடித்துக் கிணற்றடிக்குப் போய்ச் சேர அரை நாழிகை ஆகிறது. ஆகட்டும், எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

அத்தை பேசும்போது உதடு அசைவது தெரிகிறது; பாதிச் சொல் வந்து சேர்வதில்லை. அந்த இரண்டு உலக்கை அடி மட்டும் இன்றும் தெளிவாகக் கேட்கிறது.