பங்கு சோப்பு

அந்த வண்டிக்குள் சோப்பு தயாரிக்கப் போகிறார்கள் என்று நான் நம்பினேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, இரண்டரை மாதம் நம்பினேன். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று வேறு நம்பினேன். சோப்பின் மேலுறைக்கு என் மனைவியின் படம் பொருந்துமா, தாமரைப்பூ பொருந்துமா என்று ஷிப்டு முடிந்து வரும் பஸ்ஸில் யோசித்த நாட்கள் உண்டு. யோசித்தவன் படித்தவன், ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. எண்பதுகளின் பின்பாதி.

அப்போது நாங்கள் ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பண்ணையில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பண்ணைக்காரர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த கன்னடம் ‘ஊட்டா ஆய்த்தா’வோடு முடிந்துவிடும். சாப்பிட்டாயா என்று யார் யாரைக் கேட்டாலும் எனக்குப் புரியும். அதைத் தவிர வேறு எது கேட்டாலும் தலையை ஆட்டுவேன்.

பண்ணையின் ஓரத்தில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் ஒரு வண்டி நின்றது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும் வீட்டு வண்டி. எழுபதுகளில் கோவாவுக்குப் போன வெள்ளைக்கார ஜோடி ஒன்று, அச்சு முறிந்த அந்த வண்டியை இங்கே விட்டுவிட்டுக் காரை மட்டும் ஓட்டிக்கொண்டு போனதாம். திரும்பி வரவில்லை. ஊரில் அதற்குத் துரை வண்டி என்று பெயர். துரை போன பிறகு அதில் கோழி, அதன் பிறகு பெருச்சாளி என்று வரிசையாகக் குடியிருந்தன.

பண்ணைக்காரரின் மகன் பெங்களூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார், அல்லது படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைச் சின்ன முதலாளி என்பேன். அவர் என்னை ‘குரு’ என்பார். பெங்களூரில் டீக்கடைக்காரர்கூட குருதான் என்று தெரியாமல், நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை வண்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், தகரத்தைத் தட்டிக்காட்டி, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார்.

“ஒளகே பங்கி சொப்பு மாடலாம் குரு. ஃபாரின்ல எல்லாம் இப்டிதான், ரூமுக்குள்ளயே. லைட்டு, ஃபேன் நீ பாத்துக்கோ. வந்ததுல உனக்கும் குடுக்கறேன். யாருகிட்டயும் சொல்லாதே.”

‘ஒளகே’ என்றால் உள்ளே, ‘மாடலாம்’ என்றால் பண்ணலாம் என்று குத்துமதிப்பாகப் புரிந்தது. மற்றது எனக்குக் கேட்டது இப்படி: உள்ளே, பங்கு, சோப்பு. எனக்கும் கொடுப்பேன் என்கிறார், ஆகவே பங்கு. வேறு என்ன வேண்டும்? தலையை ஆட்டினேன்.

சுத்தம் செய்யும் வேலையே என் தலையில்தான் விழுந்தது. கதவைத் திறந்தபோது வந்த நாற்றத்தை நான் இன்றுவரை எங்கும் சந்திக்கவில்லை, சந்தித்தால் அடையாளம் சொல்வேன். பெஞ்சுக்கு அடியில் பெருச்சாளி ஒன்று செத்துத் தட்டையாகி, ஸ்பாஞ்ச் மெத்தையோடு ஒட்டிப்போயிருந்தது. மெத்தையைத் தூக்கினால் பெருச்சாளி வருகிறது, பெருச்சாளியை இழுத்தால் மெத்தை வருகிறது. சுவர்ப் பலகை பொதபொதவென்று ஊறி, விரலால் குத்தினால் பொங்கல் மாதிரி உள்ளே போயிற்று. மூலையில் துரையும் துரைசாணியும் உபயோகித்த கக்கூஸ் இருந்தது. அதன் தொட்டியை அவர்கள் காலி செய்யாமலே போயிருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் காய்ந்த வெள்ளைக்கார மிச்சத்தை, விருதுநகரிலிருந்து வந்த நான், பங்குதாரன் என்ற ஒரே பெருமையோடு கொத்துக்கரண்டியால் சுரண்டி எடுத்தேன். அன்று என்னை என் மனைவி வீட்டுக்குள் விடவில்லை. பம்புசெட் தொட்டியில் மூன்று முறை குளித்தும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியே வைத்தாள்.

பிறகு சின்ன முதலாளி ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் அடைத்தார், சுவர் முழுக்க வெள்ளித் தாள் ஒட்டினார். சோப்புக்கு ஈரம் ஆகாது என்று நானே காரணம் கண்டுபிடித்தேன். கூரை முழுக்க டியூப் லைட் பட்டி அடிக்கச் சொன்னார். மழை நாளில் சோப்பைக் காய வைக்க என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். கூரையில் ஒரு டிரம் வைத்து, பம்புசெட் ஓடும்போது அது நிரம்பி, சின்னக் குழாய் வழியாக உள்ளே சொட்டும்படி அவரே ஏற்பாடு செய்தார். சோப்பு கரைந்துவிடாதா என்று மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. ஃபாரின் முறையில் கரையாது போலிருக்கிறது என்று அதையும் தீர்த்துக்கொண்டேன். மோட்டார் ரூமில் இருந்து ஒரு வயரை இழுத்து, லைட்டுக்கும் காற்றை வெளியேற்றும் ஃபேனுக்கும் இணைப்புக் கொடுத்தேன். ஒரு ஞாயிறு விடிகாலையில் ஸ்விட்சைப் போட்டேன். வண்டிக்குள் கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. சின்ன முதலாளி என் முதுகில் தட்டினார். அதன் பிறகு கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி அவரிடம். ஞாயிறு விடிகாலையில் வருவார், உள்ளே ஒரு மணி நேரம் இருப்பார், எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஜெர்மன் மெஷின் வருவதாகப் பேச்சு வந்தது. மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே இரண்டு பேரை அனுப்புவார்கள். எலக்ட்ரிகலில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். முகவரி என்ற இடத்தில் பண்ணை முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். போலீஸ்காரர் வந்து விசாரித்து எழுதிக் கொடுத்தால் பாஸ்போர்ட். இல்லாவிட்டால் எனக்கு அடுத்து ஒருவன் சூட்கேஸ் வாங்கிவைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் விமானத்தைக் கீழே இருந்து பார்த்ததோடு சரி.

வெயில் ஏறிய மாதத்தில் வண்டியிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. பெருச்சாளி நாற்றம் இல்லை, வேறு. லேத் மெஷினில் மாற்றாமல் விட்ட எண்ணெய்த் தண்ணீர், அதோடு நனைந்த சாக்கு, அதோடு கேன்டீன் கை கழுவும் குழி. அது என் சட்டையில் ஏறியதால், பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போய் நின்றுகொண்டு வந்தார். என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. என்னதான் சோப்பு இது என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றதை அவளிடம் சொன்னேன். சின்ன முதலாளியின் வார்த்தையை அப்படியே சொல்லிக்காட்டினேன்.

அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “சொப்புன்னா கீரைங்க. தெனமும் கூடையத் தூக்கிட்டு ‘சொப்பு, சொப்பு’ன்னு ஒரு அம்மா கத்திட்டுப் போறாளே, அவ என்ன சோப்பா விக்கா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பங்கு போனது, சோப்பு போனது, மேலுறைப் படமும் போனது. சரி, கீரைதானே, அதில் என்ன தப்பு என்று சமாளித்தேன். மறுநாள் கீரைக்கார அம்மா வாசலில் கூடையை இறக்கியதும், மனைவி கீரைக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து தெளிவாகக் கேட்டேன், பங்கி சொப்பு இருக்கா என்று.

அந்த அம்மாள் மனைவியின் கையில் இருந்த கட்டைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

“நான் மானமா கீரை வித்துப் பொழைக்கறவ சாமி. சாமியாருங்க சிலும்பில வச்சி ஊதறாங்களே, கஞ்சா, அதைப் போயி எங்கிட்ட கேக்கற. அதுவும் பொண்டாட்டிய பக்கத்துல நிக்க வச்சிகினு.”

கூடை தலைக்கு ஏறியது. அவள் அடுத்த வீட்டு வாசலில் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அங்கிருந்து நான்கு தலைகள் எட்டிப் பார்த்தன.

என் மனைவி கத்தவில்லை. “வயரிங் நீங்கதான பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கெரசின் துணியோடு போய் மோட்டார் ரூம் ஸ்விட்ச் போர்டில் என் கைரேகையைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, பதற்றத்தில் கெரசின் கையாலேயே போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது பார்வை இல்லாதவர்கூட தடவிப் படிக்கிற மாதிரி ஐந்து விரலும் பதிந்திருந்தது. ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றியது, ஆனால் தொட்டால் இன்னும் ரேகை விழுமே என்று தொடவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவினேன். அடுத்த மூன்று வாரத்தில் நான் கை கழுவிய சோப்பை எல்லாம் சேர்த்தால் ஒரு சோப்புக் கம்பெனி நிஜமாகவே பிழைத்திருக்கும்.  சின்ன முதலாளியோ நாற்றம் கிளம்புவதற்கு முன்பிருந்தே பண்ணைப் பக்கம் வரவில்லை. பரீட்சை என்றார்கள். என் கனவில் ஜெர்மனிக்கு ரயில் புறப்படும், டிக்கெட் பரிசோதகர் கையில் விலங்கு வைத்திருப்பார்.

நான்காவது ஞாயிறு, வெயில் ஏறி பதினோரு மணிக்கு, பாஸ்போர்ட் விசாரணைக்கு டி.வி.எஸ். ஃபிப்டியில் ஏட்டு வந்தார். கனத்த உடம்பு. நாற்காலி போட்டேன், டீ கொடுத்தோம். தான் முன்பு அஞ்செட்டிப் பக்கம் இருந்ததாகவும், மூன்று வருடம் காட்டுக்குள் நடந்து நடந்து தெரியாத செடி கொடி கிடையாது என்றும் தானாகவே சொன்னார்.  பெயர், அப்பா பெயர், எத்தனை நாளாக இங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், மூக்கைச் சுருக்கினார்.

“என்னாய்யா நாத்தம் இது?”

“சோப்புங்க,” என்றேன். என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. “அந்த வண்டியில சோப்பு பண்றாங்க. வேப்பெண்ணெய் சோப்பு.”

“சொறி செரங்குக்கா?”

“அதுக்குத்தாங்க.”

பின்னால் என் மனைவி டம்ளரைத் தரையில் சத்தமாக வைத்தாள். ஏட்டு பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை, இந்த வெயிலில் கேட்கவே வேண்டாம், எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்று விவரமாகச் சொல்லிவிட்டு, இரண்டு கட்டி எடுத்துக்கொடுக்கச் சொன்னார். சாவி என்னிடம் இல்லை என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது. அந்த நேரம் பார்த்து, பரீட்சை முடிந்த சின்ன முதலாளி பைக்கில் வந்து இறங்கினார். காக்கியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“சாவி இவருகிட்ட இருக்குதா?” என்று கேட்டு ஏட்டு எழுந்தே விட்டார். “தெறப்பா, சோப்ப பாக்கலாம்.”

சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திறக்காமல் விட முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் பூட்டில் சாவியைப் போட்டார்.

கதவு திறந்ததும் நாற்றம் ஒரு ஆள் மாதிரி வெளியே வந்தது. ஏட்டு இரண்டடி பின்னால் போனார், கர்ச்சீப்பை எடுத்தார், பிறகு எட்டிப் பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். வரிசையாகத் தகர டின்கள். டின்களில் கறுப்புக் கூழ். கூழில் சாய்ந்து கிடந்த, பூசணம் பிடித்து வெள்ளை மயிர் முளைத்த குச்சிகள். இலை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை, எல்லாம் சளி மாதிரி வழிந்து டின்னோடு ஒட்டியிருந்தது. தரையில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் புழு. வெள்ளித் தாள் சுவரெல்லாம் ஈ. மேலே டிரம்மில் இருந்து குழாய் மட்டும் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து, புளியமரத்தடியில் போய் டீயைத் திருப்பிக் கொடுத்தேன்.

“இந்தக் கருமத்தையாய்யா ஒடம்புல பூசிக்கச் சொல்ற,” என்றார் ஏட்டு, எச்சிலைத் துப்பிவிட்டு. “எனக்கு என் படையே போதும்பா.”

நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. டி.வி.எஸ். சீட்டில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். நன்னடத்தை என்று எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சின்ன முதலாளி கதவைச் சாத்தினார். பிறகு மோட்டார் ரூமுக்குப் போய், போட்டபடியே இருந்த ஸ்விட்சை அணைத்துப் போட்டார். லைட் எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை. நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பேஸ் கம்பியில் இரண்டில் டெஸ்டர் எரிந்தது, நான் வயர் கொடுத்திருந்த மூன்றாவதில் எரியவில்லை. கிராமத்து லைனில் காலை பத்து மணியோடு ஒரு பேஸை எடுத்துவிடுவார்கள், பம்புசெட் ஓடாமல் இருக்க, மறுநாள் விடிகாலைதான் அது திரும்ப வரும். வீட்டு விளக்கு மற்ற இரண்டில் எரியும். கம்பெனியில் எனக்கு எந்த நேரமும் மூன்று பேஸும் இருக்கும், ஆகவே அது எனக்குத் தெரியாது. அவர் வருவதும் விடிகாலையில், எரியும் நேரத்தில், ஆகவே அவருக்கும் தெரியாது. விடிகாலையில் பம்புசெட் ஓடி டிரம் நிரம்பிவிடும். அதன் பிறகு நாள் முழுக்க வெளிச்சம் இல்லாமல், காற்று இல்லாமல், தண்ணீர் மட்டும் தவறாமல் சொட்ட, அந்தத் தகரப் பெட்டி இட்லிப் பானையாக வெந்திருக்கிறது.

“இந்த அழகுல நீ கரண்டு வேலை கத்துக்க ஜெர்மனிக்குப் போறே. போ குரு,” என்றார் சின்ன முதலாளி. “உனக்குத்தான் அது ரொம்ப அவசியம்.”

டின்களைக் கொட்டிக் குழியில் புதைத்ததும் நான்தான். நான் பயந்து கைரேகை துடைத்த நாளிலேயே வண்டிக்குள் உயிரோடு இருந்தது புழு மட்டும்தான். போலீஸ் கண்டுபிடிக்கவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த மாதம் பாஸ்போர்ட் வந்தது, போய்விட்டு வந்தேன். செடிகள் செத்தது என் வயரிங்கால்.