‘மத்தவங்க’ளைத் தேடி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

ஆனி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. ஒரு கறுப்பினத்தவரை ஜனாதிபதியாக்க வாக்காளர்கள் தயாரா என்று விசாரிப்பதற்காக ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போய்வந்தேன். அதற்கு அமெரிக்காவுக்கல்லவா போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ரூட்டில் மகளிர் இலவசப் பேருந்து இன்னும் விடவில்லை.

உண்மைக் காரணம் வேறு. மறுநாள் அப்பாவின் சங்கத்தில் தேர்தல். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுநர்களின் சங்கம் அது. அப்பா பெயர் அறவாழி. இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர், அதில் ஒன்பது வருடம் சங்கச் செயலாளர். லைசென்ஸ் பறிபோனாலும், போலீஸ் கேஸ் விழுந்தாலும், யாராவது ரோட்டில் அடிபட்டுக் கிடந்தாலும் போன் அவருக்குத்தான் வரும். பழைய தலைவர் ஓய்வு பெற்றதால், அப்பா செயலாளர் பதவியை ராஜினாமா செய்துவிட்டுத் தலைவர் பதவிக்கு நின்றார். நாங்கள் வியாசர்பாடி. தலித்துகள், பௌத்தர்கள். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட இதுவரை அந்தச் சங்கத்துக்குத் தலைவரானதில்லை.

“அதெல்லாம் ஜெயிச்சிடுவேம்மா. எல்லாம் நம்ம பசங்க” என்றார் அப்பா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பதினேழு வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில் ஒன்றுதான், ஆளை ஏமாற்றுவது. தலைமையாசிரியை குரலில் மைக்கில் அரைநாள் லீவு அறிவித்து மூன்று வகுப்புகளை வீட்டுக்கு அனுப்பியவள் நான். எனக்கு மட்டும் நான்கு நாள் லீவு கிடைத்தது, கடிதத்தோடு. அந்த அனுபவத்தை வைத்து ஒரு திட்டம் போட்டேன். முகத்தில் மாஸ்க், கையில் பரீட்சை அட்டை, பெயர் ஷாலினி, வந்த காரணம் காலேஜ் புராஜெக்ட். முதல் கேள்வி அமெரிக்காவைப் பற்றி. அது தூண்டில் புழு. இரண்டாவது கேள்விதான் தூண்டில்.

காலை 6.50க்கு வியாசர்பாடியில் பேருந்து ஏறினேன். டிக்கெட் பூஜ்யம். ராயபுரம் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. துறைமுக கேட்டுக்குப் போகும் சாலையில் டிரெய்லர்கள் மூக்கும் வாலும் இடிக்க நின்றன. சில வண்டிகள் முந்தின நாள் மதியம் வந்தவையாம். முன்னால் நிற்கும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வயதாகிறவர்கள் இவர்கள். ஒரு டிரெய்லரின் படியில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம் ஆரம்பித்தேன்.

“அண்ணா, அமெரிக்காவுல ஒரு கறுப்பர் ஜனாதிபதிக்கு நின்னா ஓட்டு போடுவீங்களா?”

“போடாம? ஏற்கெனவே ஒர்த்தரு ரெண்டு வாட்டி இருந்தாருல்ல. நம்ம கலரும்மா அவரு!”

“உன் கலருக்கு அவரு வெள்ளக்காரன்டா!” என்று பக்கத்து வண்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு இரண்டாவது கேள்வியைப் போட்டேன். உங்கள் சங்கத்துக்கு ஒரு வியாசர்பாடி ஆள் தலைவராக வந்தால்?

பிரஷ் நின்றுவிட்டது. நுரை மட்டும் வழிந்தது.

“அறவாழி அண்ணனா? தங்கமான மன்சன். எனக்கு ஓகேம்மா. மத்தவங்கதான் ஒத்துக்க மாட்டாங்க.”

“யாருண்ணா அந்த மத்தவங்க?”

“இங்க இல்ல. டோல்கேட்டாண்ட கீறாங்க, பெருசுங்க.”

ராயபுரத்தில் மொத்தம் ஆறு பேரிடம் கேட்டேன். ஆறு பேருக்கும் அமெரிக்கா ஓகே. ஆறு பேருக்கும் அப்பாவும் ஓகே. மத்தவங்கதான் பிரச்சினை, அந்த மத்தவங்க இருப்பது டோல்கேட்டில். சரி, ஆறு பேரும் சொல்கிறார்களே, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பேருந்து ஏறினேன். நான்கு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம்.

டோல்கேட்டில் டீ பன்னிரண்டு ரூபாய். பஞ்சர் கடையில் டயர் மாட்டக் காத்திருந்த யூசுப் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் டிரெய்லர்தான் ஓட்டுகிறார். அமெரிக்காவை ஒரே வரியில் முடித்தார். “கறுப்பு இன்னா, செவப்பு இன்னா, நல்லவனா இருந்தா போடு.” இரண்டாவது கேள்விக்கு என்னை உற்றுப் பார்த்தார்.

“நா அறவாழிக்குத்தான் பாப்பா. மத்தவங்கதான் பேஜாரு.”

“மத்தவங்க இங்கதான் இருக்காங்கன்னு ராயபுரத்துல சொன்னாங்களே பாய்?”

“அடப்பாவிங்களா!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “ஓட்டுல ஒண்ணும் இல்ல பாப்பா. மேட்டரு கூழுல கீது.”

அப்பா வருடா வருடம் போய்வரும் விஷயம்தான். ஆனால் எனக்கு அது உறைக்கவே இல்லை. ஆடி முதல் ஞாயிறு சங்கத்தின் சார்பில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அண்டாவிலிருந்து முதல் கரண்டியைத் தலைவர்தான் ஊற்ற வேண்டும். எல்லா ஓட்டுநர்களின் வீட்டாரும் பாத்திரத்தோடு நிற்பார்கள். தலைவர் கையால் வாங்கிக் குடித்தால் அந்த வருடம் வண்டி அடிபடாது என்று நம்பிக்கை. அப்பா தலைவரானால் கரண்டி அப்பா கையில்.

“லாரி வரிசையில நிக்கும்போது அவரு வெச்ச கருவாட்டுக் கொழம்ப ஒரே குண்டான்ல துன்றாங்களே பாய்?”

“அது பசி பாப்பா. இது சாமி.” டயர் ரெடியாகிவிட்டது. எழுந்தவர் வடக்கே கை காட்டினார். “நீ எண்ணூருக்குப் போ. அங்கதான் கீறாங்க.”

ஷேர் ஆட்டோ திருவொற்றியூர் தேரடி வரை பதினைந்து ரூபாய். அங்கே மாறி எண்ணூருக்கு முப்பது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் லாரி, இரண்டும் முடிவதே இல்லை. எர்ணாவூரில் ஐம்பது நிமிடம் நகரவில்லை. புழுதியில் என் வெள்ளை மாஸ்க் சாம்பல் நிறமானது. “போட்டோ எடுக்க வந்தியாம்மா?” என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஓட்டு எடுக்க வந்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, நல்லதாகப் போயிற்று.

11.20க்கு எண்ணூர். லாரிகள் நிற்கும் மைதானத்தில், ஒரு டிரெய்லரின் நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் திரும்பி நடக்கப் பார்த்தேன். தேசிங்கு மாமா. அப்பாவின் தோஸ்து. அப்பா பெயரை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

“ஏய் சங்கமித்ரா! மாஸ்க்க கயட்டு. இன்னா அட்ட, இன்னா வேசம் இது?”

“காலேஜ் புராஜெக்ட் மாமா.”

“பிளஸ் டூவே இன்னும் முடிக்கல, காலேஜாம்!”

மாட்டிக்கொண்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது. ராயபுரம், டோல்கேட் கதையைச் சொன்னேன். மத்தவங்க இங்கே இருக்கிறார்களாமே, கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து எல்லாரும் உக்காந்து பேசினோம். ராயபுரம் பசங்க, டோல்கேட் பசங்க, எங்க பசங்க, எல்லாரும். ஓட்டு மொத்தமும் உங்கப்பனுக்குத்தான். ஆனா ஒரே ஒரு வார்த்த கேக்கறாங்க. மொத கரண்டிய துணைத் தலைவர் ஊத்தட்டும். நோட்டீஸ்ல உங்கப்பன் பேரு, மால உங்கப்பனுக்கு. கரண்டி மட்டும் வேணாம்.”

“நீங்க இன்னா சொன்னீங்க மாமா?”

“நா இன்னா சொல்றது? மத்தவங்க...” அங்கேயே நின்றுவிட்டார். என் காதுகுத்துக்கு எங்கள் வீட்டில் பந்தி பரிமாறியவர் அவர். ஸ்டவ்வைக் குறைத்தார், மறுபடி கூட்டினார்.

“அவன் மூஞ்சப் பாத்து சொல்ல எனக்கு வாய் வரலம்மா. நீ சொல்லிடு. நீதான் எத்தையும் சிரிப்பா சொல்லிடுவியே.”

என் வாய்க்கு இதுவரை கிடைத்ததில் மோசமான பாராட்டு அது. சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். பசியில்லை என்று பொய் சொல்லிவிட்டு நடந்தேன்.

திரும்பும்போது மின்சார ரயில். கொருக்குப்பேட்டைக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து நடை. வழியெல்லாம் அந்தச் செய்தியை ஜோக்காக மாற்றிப் பார்த்தேன். தலைவர் பதவி உண்டு, கரண்டி தனியாக விற்கப்படும். வீட்டு வாசலில் அது என் வாயிலேயே செத்துப்போனது. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அப்பா மறுநாளைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். “தேசிங்கா சொன்னான்?” என்று மட்டும் கேட்டார். சட்டையின் ஒரே கையை நெடுநேரம் தேய்த்தார்.

“கூழு எனக்கு எதுக்கும்மா? நம்ம வூட்ல ஊத்தறதே இல்ல. ஆனா தலைவரு கரண்டின்னா அது தலைவரு கரண்டி. அத்த புடுங்கிக்கினு குடுக்கற நாற்காலி எனக்கு இன்னாத்துக்கு?”

ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம். வாக்குப்பதிவுக்கு முன்னால் அப்பா எழுந்து, “நா ஜெயிச்சா மொத கரண்டி நாந்தான் ஊத்துவேன். ஒப்பலன்னா இப்பவே சொல்லுங்க” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தேசிங்கு மாமாவும் தட்டினார். பிறகு ஒவ்வொருவராகப் போய் தகரப் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள். பெட்டி திறந்தபோது அப்பாவுக்கு நாற்பத்தொரு ஓட்டு. பேருக்கு எதிர்த்து நின்ற, சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருடமே ஆன இன்னொருவருக்கு நூற்று எழுபது.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஏழுக்கு முன் கிளம்புங்கள், அதற்குமேல் லாரி வரிசை உங்களை விழுங்கிவிடும். மாஸ்க் இரண்டு வேண்டும். எர்ணாவூரைத் தாண்டினால் பெண்களுக்குக் கழிப்பறை தேடுவது தனிப் பயணம், டோல்கேட்டிலேயே வேலையை முடித்துவிடுங்கள். செலவு எனக்கு டீயோடு சேர்த்து அறுபத்திரண்டு ரூபாய். ஆண்கள் பேருந்துக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளவும். யாரிடமாவது ஓட்டைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் அமெரிக்காவை நடுவில் இழுக்காதீர்கள். அவ்வளவு தூரத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான். நான் அந்த ஆறு பேரின் முதல் பதிலில் மயங்கி, இரண்டாவது பதிலையும் பாதி நம்பியதுதான் தப்பு.

ஆடி இரண்டாவது வாரம், மதியம் இரண்டு மணிக்கு அப்பாவின் போன் அடித்தது. பேசியவர் சங்கத்து ஓட்டுநர் ஒருவர். எர்ணாவூரில் ஒரு கிளீனர் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் சிக்கி இறந்துவிட்டார். புதுத் தலைவர் போனை எடுக்கவில்லையாம். அப்பா வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு சட்டையை மாட்டினார். இப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை.

“நீ ஏம்பா போற? அவங்க உனக்கு ஓட்டு போட்டாங்களா?”

“அத்தையெல்லாம் கேட்டுக்கினா பொணத்த எடுக்க முடியும்?” என்று செருப்பைத் தேடினார். அவசரத்தில் போனை மேசையிலேயே விட்டுவிட்டார்.

அவரால் கேட்க முடியாது. என்னால் முடியும். அவர் தெருமுனை தாண்டியதும், சற்றுமுன் பேசிய ஓட்டுநரை அதே போனில் அழைத்தேன். அப்பா கிளம்பிவிட்டார் என்றேன். “ரொம்ப தேங்க்ஸ்மா” என்றார் அவர். பின்னணியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு. நீங்க யாருக்கு ஓட்டு போட்டீங்க?”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர். “உங்கப்பாவுக்குத்தாம்மா. மத்தவங்கதான்...”

போனை வைத்துவிட்டேன்.