சமையலறையில் மட்டும் வந்த வைஃபை

திரையில் ஓர் அம்மாளின் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுபோயிருந்தது. இணைப்பு அறுந்துவிட்டது என்பது தெரியாமல், மரியாதைக்காக எங்கள் அண்ணியும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தார். கடுகு நிறப் பட்டுப்புடவை, தலையில் மல்லி, மடியில் கோத்து வைத்த கைகள். அசையாத ஒரு முகத்தைப் பார்த்து அவர் விடாமல் சிரித்துக்கொண்டிருந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, உதட்டை அசைக்காமலே என்னிடம் கேட்டார்: "பாப்பா, இவங்க ரொம்ப நேரமா சிரிச்சிகினே இருக்காங்களே. நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா?"

அண்ணி மதுராந்தகம் பக்கத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். தமிழில் முதுகலையும் பி.எட்.டும் முடித்துவிட்டுச் செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர். அங்கே ரயிலில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளை மாமல்லபுரத்துக்குக் காரில் கொண்டுவந்து விடும் என் அண்ணன், அவரைப் பார்த்துப் பழகி, இரண்டு வீட்டிலும் பேசிச் சம்மதம் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் வீடு கடலை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறது. நைனா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வந்த கொஞ்ச நாளிலேயே அண்ணிக்கு எங்கள் குழம்பு பிடித்துவிட்டது, எங்கள் பேச்சும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பழக்கமாகாமல் போனது ஒன்றுதான்: பாடம் சொல்லிக்கொடுக்காமல் சும்மா இருப்பது. பக்கத்துப் பள்ளிகளில் காலியிடம் இல்லை. ஒருநாள் கடற்கரைச் சாலையில் ஒரு கடைக் கரும்பலகையில் 'மீன் வருவல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் சாக்பீஸ் கேட்டு வாங்கி, 'ரு'வை அழித்து 'று' போட்டார். அந்த ஓர் எழுத்தைப் போடும்போது அவர் முகத்தில் தெரிந்த நிறைவு என்னை என்னவோ செய்தது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத் தமிழ் கற்பிக்க ஆள் தேடும் விளம்பரம் ஒன்றை அன்று சாயங்காலமே தேடி எடுத்து அவரிடம் காட்டினேன்.

அந்த வேலைக்கான நேர்காணல்தான் 'வணக்க'த்தைத் தாண்டியதும் நின்றுபோனது. எதிர்முனையில் இருந்த அம்மாள் நல்லவர். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு நிஜக் குழந்தைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டும்படி சொல்லி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். ஆனால் கூடவே ஒன்று சொன்னார்: வகுப்பு நடுவில் இணைப்பு மறுபடியும் போனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கைபேசியில் எடுக்கிறோமே என்று கேட்டுப் பார்த்தோம். எழுத்தைத் திரையில் பெரிதாக எழுதிக்காட்டக் கணினிதான் வேண்டுமாம். அன்றைக்கு அண்ணி பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மீன் ஆய உட்கார்ந்தார். அவர் பேசாமல் இருந்தால் எங்கள் வீடு வீடாகவே இருக்காது.

கைபேசியில் அதே வைஃபை நன்றாக வந்தது. நேர்காணல் நடந்த மடிக்கணினியில் மட்டும், விசிறி போன்ற அந்தச் சின்னக் குறி நிறைந்து தெரியும். சற்று நேரத்தில் காணாமல் போகும். பிறகு தானாக வரும். நான் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். வைஃபை வரவில்லை என்று விருந்தினர்கள் கேட்டு வருவது தினப்படி நடப்பது என்பதால், வீட்டில் எனக்கு நிபுணர் பட்டம் கிடைத்திருந்தது. மோடத்தை அணைத்துப் போட்டேன். கணினியில் வைஃபையின் பெயரையே அழித்துவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்துப் பார்த்தேன். வைஃபையை இயக்கும் மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. "கடல் காத்து பட்டா இரும்பே துருப்புடிச்சிப் பூடுது. காத்துல வர்ற நெட்டு மட்டும் எப்பிடி நிக்கும்?" என்றார் நைனா. அண்ணன் மோடத்தைப் பிடுங்கி முதலில் பரண்மேல் வைத்தான், பிறகு சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தான். அம்மா படங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அதற்கும் ஒன்று வைத்துவிட்டார்.

இதற்கிடையில் விசித்திரமான ஒன்றைக் கண்டுபிடித்தோம். சமையலறையில் வைத்தால் கணினிக்கு வைஃபை வந்தது. அறுபடாமல், நாள் முழுக்க வந்தது. கூடத்தில் மோடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தால் நிற்காதது, இரண்டு சுவர் தாண்டி மிளகாய்த்தூள் டப்பாக்களுக்கு நடுவில் நின்றது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வந்ததே போதும் என்றிருந்தது எங்களுக்கு. அம்மா மட்டும், "எங்க குந்தினா சோறு வரும்னு அதுக்கும் தெரிஞ்சிகீது" என்றார். வகுப்பைச் சமையலறையிலேயே எடுப்பது என்று முடிவானது. அலமாரிப் பாத்திரங்கள் தெரியாதபடி ஒரு புடவையைத் திரைபோலக் கட்டினோம். வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை என்று அம்மா அறிவித்தார். எங்கள் அம்மாவிடமிருந்து அது பெரிய வரம்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி சமையலறையில் தயாராக இருந்தார். கணினியும் தயார், வைஃபையும் தயார். வகுப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, கடையில் வாங்கிவந்த இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்டினியாவது அரைத்துவிடலாம் என்று அம்மா உள்ளே வந்தார். கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மிக்சியைச் சொருகினார். சட்டினி அரைபட்டு முடிந்ததும் பார்த்தால், திரையில் வைஃபை குறி இல்லை. சமையலறையிலேயே போய்விட்டது. "போச்சி அண்ணி," என்றேன்.

அண்ணியின் கண் திரையில் இல்லை, சுவரில் இருந்த பிளக்கில் இருந்தது. எழுந்து, மிக்சியின் வயரைப் பிடுங்கிச் சார்ஜரைச் சொருகினார். குறி வந்தது. பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார். போனது. மறுபடி சொருகினார். வந்தது. "பாப்பா, எடம் இல்ல. கரண்டு," என்றார். அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. மூன்று முள் சார்ஜர் சொருகுகிற மாதிரி பிளக் எங்கள் வீட்டில் சமையலறையில் மட்டும்தான் இருந்தது. கூடத்தில் எப்போதும் பேட்டரியில்தான் கணினியை ஓட்டினோம். நாங்கள் ஒரு வாரமாகச் சுவரையும் காற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். கணினியோ, பேட்டரியை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு வைஃபையைத் தானே அணைத்துக்கொண்டிருந்தது.

காரணம் தெரிந்த பிறகு வழியைத் தேடுவது எளிதாகிவிட்டது. கைபேசியில் பார்த்துப் பார்த்துக் கணினியின் அமைப்புகளுக்குள் போனேன். வைஃபை கருவியின் பெயரைத் திறந்தால், மின்சாரம் மிச்சமாக இதை அணைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டிருந்தது. எடுத்தேன். அண்ணி சார்ஜரைப் பிடுங்கினார். இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். குறி அசையவில்லை. அண்ணி கணினியைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். கூடத்தில் நின்றது. வாசலில் நின்றது. வலைகள் உலர்த்தியிருந்த தென்னை நிழலுக்குப் போனார், அங்கும் நின்றது. "நான் இங்கியே எடுக்கிறேன், பாப்பா. அந்த மொளகா நெடியில தும்மிகினு எவ பாடம் எடுப்பா?" என்று சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுமுனையில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறுமி. எட்டு வயதிருக்கும். பெற்றோரின் வற்புறுத்தலுக்காக வந்து உட்கார்ந்தவள் என்பது அவள் கன்னத்தில் ஊன்றியிருந்த கையிலேயே தெரிந்தது. அண்ணி கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. நான் வேலியோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நைனா கரையிலிருந்து ஒரு பெரிய வஞ்சரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணிக்குப் பின்னால் வந்து நின்றார். சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் அது என்னவென்று கேட்டாள். "தமிழ்ல கேட்டாதான் தாத்தா சொல்லுவாரு," என்றார் அண்ணி. அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அது... என்னா?" என்றாள். நைனா மீனைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "வஞ்சரம், கண்ணு. இப்பதான் வந்திச்சி," என்றார். அவள் "வஞ்சரம், வஞ்சரம்" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு வலை வந்தது, படகு வந்தது, காக்கா வந்தது, 'ப'வும் 'வ'வும் வந்தன. ஒதுக்கிய நேரம் முடிந்தும் அவள் போக மறுத்துவிட்டாள். முகம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்த நேர்காணல் அம்மாளின் சிரிப்புச் சத்தம் கடைசியில் எங்களுக்குக் கேட்டது. அடுத்த வாரமே வேலைக்குச் சேரச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது எங்கள் கூடத்திலும் மூன்று முள் பிளக் இருக்கிறது. அண்ணிக்கு எத்தனையோ ஊர்களில் பிள்ளைகள். விடிந்ததும் தொடங்கும் வகுப்பு, அம்மா கூடையோடு கிளம்பும்போது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும், அவர் மீன் விற்றுத் திரும்பும்போதும் நடந்துகொண்டிருக்கும். வீட்டுப் பேச்சு முழுவதும் அந்தப் பிள்ளைகள் காதிலும் விழும். அந்தச் சத்தத்தை மறைக்க அண்ணி முதலில் பாடுபட்டார், பிறகு விட்டுவிட்டார். அன்றைக்கு வாய் பேசாமல் மீன் ஆய்ந்த அண்ணி எங்கே, 'ழ'வுக்கு நாக்கை மடிக்கச் சொல்லித் தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுக்கும் இந்த அண்ணி எங்கே என்று நினைத்தபடி நான் சில காலைகளில் வேலைக்குக் கிளம்பாமல் நின்று கேட்பதுண்டு.

போன விடுமுறையில் அந்த ஆஸ்திரேலியச் சிறுமி பெற்றோரோடு மாமல்லபுரத்துக்கு வந்தாள். வளர்ந்திருந்தாள். சிற்பங்களைப் பார்ப்பதற்கு முன்பே டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்து, காலையிலேயே அவர்களை அழைத்து வந்துவிட்டாளாம். அவள் அம்மா வாசலில் தயங்கி நிற்க, இவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய் எங்கள் அம்மாவின் எதிரில் நின்றாள்.

"ஆயா, நாஸ்தாவுக்கு இன்னா கீது?"

முதுகலைத் தமிழ் படித்த அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா சிரிக்கவே இல்லை. ஒரு தட்டைக் கழுவி எடுத்து வைத்துவிட்டு, "இட்லி கீது, வடகறி கீது. இன்னா வோணும் சொல்லு," என்றார்.