ஃபுல் மொக், சேர்!

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி சொந்தத் தையற்கடை வைத்திருக்கிறேன். புதுக்கடை நீதிமன்றத்தில் கோட் போட்டு வாதாடும் அப்புக்காத்துமாரில் பாதிப் பேருக்கு நான்தான் தைத்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் மொக் என்ற சொல்லுக்கு எந்த அப்புக்காத்தும் எனக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. அந்தச் சொல் ஒரு நல்ல மனுஷனை விழுத்தியதை என் கண்ணால் பார்த்தவன் நான்.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு துரையின் கடையில் நான் தையற்காரன். கொட்டாஞ்சேனைச் சவரிமுத்து அண்ணன் அங்கே கட்டர். அவர் துணி வெட்டுவார், நாங்கள் தைப்போம். எங்கள் தொழிலில் மொக் என்றால் அசலைப் போலச் செய்தது. மொக் பொக்கெட்டுக்கு மேல்மூடி மட்டும் இருக்கும், உள்ளே பை இராது. நாங்கள் அறிந்த மொக் அவ்வளவுதான்.

முதலாம் உலக யுத்தத்தில் குண்டு பட்டதில் துரையின் இடது தோள் இறங்கியிருந்தது. அவருடைய கோட்டுக்கென்று அண்ணன் கடதாசியில் வெட்டி வைத்திருந்த மாதிரியிலும் இடது தோள் சரிவாகவே இருக்கும்.

அண்ணனின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்கு வருவதாகத் துரையே வாக்குக் கொடுத்திருந்தார். துரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது, அவர் போடுவது போலவே ஒரு கோட் போட்டு நிற்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. இரண்டு பேருக்கும் உயரமும் நெஞ்சளவும் ஒன்று. துரையின் மாதிரியை வைத்தே துணியை வெட்டினார்.

"அண்ணை, உங்கட தோள் நேர்தானே. இடது பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வெட்டுங்கோ" என்றேன். எனக்கு அப்போதே அந்தக் கண் இருந்தது.

"துரையின்ட மாதிரியில கை வைக்கிறதா? போடா விசரா. தோளைக் கொஞ்சம் பதிச்சு நிண்டாச் சரி."

கல்யாணத்துக்கு முந்திய சனிக்கிழமை, துரையிடம் காட்டுவதற்காக அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். சுருக்கம் விழாதபடி இடது தோளை இறக்கியே நடந்து வந்தார். கடையில் நின்ற இரண்டு தோட்டத்துரைமார் அவரையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மற்றவன் பொத்தவேயில்லை.

துரையின் முகம் சிவந்தது. "சவரி, ஆர் யூ மொக்கிங் மீ?"

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அது அவருக்குத் தெரிந்த சொல்.

"யெஸ் சேர்! ஃபுல் மொக், சேர்! ஷோல்டர் ஓல்சோ மொக்!"

தோட்டத்துரைமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை வாசலைக் காட்டினார்.

நான் ஓடிப்போய், "சேர், மொக் பொக்கெட், சேர்! சேம் சேம்!" என்றேன். அத்தனை தையற்காரரில் வாய் திறந்தவன் நான் ஒருவன்தான். துரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடையில் கணக்கெழுதிய, இங்கிலீஷ் தெரிந்த பறங்கிக்காரக் கிளாக்கர்தான் அண்ணனை வெளியே கூட்டிப்போய் விளக்கினார். "மொக் எண்டா ஆளைப் போல நடிச்சுப் பகிடி பண்றது, சவரி. நீ ஓம் எண்டு சொல்லிட்டியே மனுஷா!"

வேலை போனதைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப அந்தத் தோளை நான் பகிடி பண்ணினன் எண்டா துரை நினைக்கிறார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கல்யாணத்தன்று வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக மகளைக் கூட்டி வந்தார். கோயிலுக்கு வெளியே கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். துரை வரவில்லை.

என் கடையில் தொழில் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நம்முடைய மேசையில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கும், வந்து நிற்கிறவர் வாயில் அதற்கு வேறு பொருள் இருக்கும். ஓம் சொல்ல முதல், என்ன கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

அண்ணன் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. இந்தக் கடையைத் திறந்தபோது நான் முதலில் போய்க் கூப்பிட்டது அவரைத்தான்.

"கோட் தைக்கிற கடையா, தம்பி?"

"ஓம் அண்ணை. நீங்கதான் கட்டர்."

"வேண்டாம்டா. நான் வீட்டில தலகாணி உறை தைக்கிறன். அதுக்குத் தோள் இல்ல."