சரசு அக்காவின் அழுகை

காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவே இல்லை. நானே எழுதி, இயக்கி, தயாரித்த படத்தை ஓர் ஓடிடி கம்பெனி வாங்கிக்கொள்ளத் தயார். ஒரே நிபந்தனைதான். கதாநாயகி பேசும், மலையாளம் கலந்த எங்கள் கொச்சி மட்டாஞ்சேரித் தமிழ் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதாம். சென்னைக் குரலில் டப் செய்ய வேண்டுமாம். பதில் இன்றே வேண்டுமாம்.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். சன்னலோரத்தில் சரசு அக்கா! அவர்தான் என் கதாநாயகி. ஹோட்டல் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்பட்டால் அதையே சாக்காக வைத்து மறுத்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

"கொறே ஆளு பாப்பாங்களா தம்பி?"

"நிறைய பேர் பாப்பாங்க அக்கா."

"பின்னே என்ன, மாத்திக்கோ. பெட்டிக்குள்ள கெடந்தா யாரு பாக்கப் போறா?"

எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

சுள்ளிக்கல் ஸ்டாப்பில் இறங்க எழுந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"பட்சே கடைசியில நான் அழுவேன் அல்லே, அது மட்டும் என்னோடதா இருக்கட்டும். அழுறதுக்கு என்னத்துக்குத் தம்பி வேற ஆளு?"

அங்கேயே நின்று கம்பெனிக்கு எழுதினேன்: பேச்சை மாற்றிக்கொள்ளுங்கள், அழுகையைத் தொடக்கூடாது.

அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பதில் வந்துவிட்டது: "அழுகையும் கொஞ்சம் லோக்கலாகத்தான் இருக்கிறது சார். யோசியுங்கள்."

யோசித்து யோசித்து, இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன். இன்னும் பதில் எழுதவில்லை.

சென்னை நண்பர்களே, உண்மையைச் சொல்லுங்கள். நீங்களெல்லாம் எப்படித்தான் அழுவீர்கள்?