நான்காம் வீட்டு யானைகள்

காலை எட்டேகால். அக்கா குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்தின் இஸ்தோப்புத் திண்ணையில் முதலில் கண்ணில் பட்டது, நான்காம் வீட்டுச் சிறுமியின் மடியில் இருந்த கத்தரிக்கோல். மறுநாள் தீபாவளி. கொட்டகலையில் வாங்கிய வண்ணத்தாள் சுருளோடு நான் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன்.

"இந்தப் புள்ளைகள நீயே பாத்துக்க தம்பி. நான் முறுக்கு சுடணும்," என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

ஆறு வீடுகள், ஒரே கூரை, ஒரே நீளமான இஸ்தோப்பு. அங்கே தீபாவளிக்கு லயம் முழுக்க ஒரே தோரணம்தான். ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தன் வாசல் அளவுக்கு வெட்டும். பிறகு முனைகளை ஒட்டிக் கட்டுவார்கள். வாசல்களை எண்ணி ஆறு நீளத் துண்டுகள் கிழித்துக் கொடுத்தேன்.

தாளை விசிறி போல மடித்து, மேல் மடிப்பில் யானை வரைய வேண்டும். தும்பிக்கை ஒரு விளிம்பையும் வால் மறு விளிம்பையும் தொட வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் கத்தரி படக்கூடாது. விரித்தால் யானைகள் தும்பிக்கையோடு தும்பிக்கையும் வாலோடு வாலும் சேர்ந்து நிற்கும். அக்காவின் மகன் வாலை வெட்டிவிட்டான். விரித்தபோது இரண்டிரண்டு யானைகளாக உதிர்ந்தன. சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டிருந்தான்.

சிறுமியின் தோரணம் எங்கும் அறுபடவில்லை. அதை அவன் பார்த்தான்.

"ஒங்க வீட்டுக்குத்தான் தீவாளி இல்லயே. நீ எதுக்கு வெட்டுற?"

"வால வெட்டினவன் பேசாத."

சொல்லிவிட்டாள்; ஆனால் விரித்ததை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடியில் அவளுடைய சித்தப்பா இறந்திருந்தார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. அந்த இழவுக்கு நானும் வந்திருந்தேன். தாள் கிழிக்கும்போது வாசல்களை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

பன்னிரண்டரைக்கு அவளுடைய அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். கால் கழுவுவதற்குள் மகள் எதிரே போய் நின்றாள்.

"நம்ம வாசல்ல கட்டலாமாம்மா?"

அம்மா தாளை வாங்கி முழுவதும் விரித்துப் பார்த்தார். "நல்லாத்தான் வெட்டியிருக்க. ஆனா கட்டக்கூடாது புள்ள. வருசம் திரும்பட்டும்."

"அப்ப கிழிச்சிரவா?"

"தப்பு எம்மேலதாங்க," என்றேன். "நான்தான் தாள் குடுத்தேன்."

"ஒங்களுக்கென்னண்ணே தெரியும்," என்றார் அவர். எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா எண்ணெய்க் கரண்டியோடு பக்கத்தில் தன் ஐந்தாம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏன்டி கிழிக்கிற? கொண்டா, எங்க வாசல்ல கட்டுவோம்."

"ஒங்க மகன் வெட்டினது இருக்கேக்கா," என்றார் சிறுமியின் அம்மா.

"இருக்கட்டும். ரெண்டு கட்டினா கூரை விழுந்துருமா?"

"இந்தக் கூரைக்கு ஒண்ணே ஜாஸ்தி."

இருவரும் சிரித்தார்கள். சிறுமி சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடு," என்றார் அம்மா. "பெரியம்மா வாசல்தானே. உக்காந்தா இங்கருந்தே தெரியும்."

நான் முக்காலியில் ஏறிக் கட்டினேன். இன்னும் மேலே, இன்னும் இந்தப் பக்கம் என்று சிறுமி கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை ஆறு வாசல்களில் ஐந்தில் யானைகள் தொங்கின. ஐந்தாம் வாசலில் இரண்டு வரிசை.